மச்சான் பெயர் இல்லாத கல்யாண கார்டு

என் மகளின் கல்யாண கார்டில் என் மச்சான் பெயர் வராது. வர விட மாட்டேன்.

இரண்டாயிரத்து ஏழாம் ஆண்டு தைப்பொங்கலன்று, வாசலில் பால் பொங்கிய நேரத்தில், சூரியனைப் பார்த்து நான் எடுத்த முடிவு இது. எங்கள் தேயிலைத் தோட்டம் இருக்கிற மஸ்கெலியாவில் அன்றைக்குச் சூரியன் தெரியவில்லை. ஒரே பனிமூட்டம். பரவாயில்லை, அது வருகிற திசை எனக்குத் தெரியும். அந்தப் பக்கம் பார்த்துச் சொன்னேன்.

காரணம் இருக்கிறது. என்னிடம் காரணம் இல்லாத கோபம் ஒன்றுகூடக் கிடையாது. ஒவ்வொன்றுக்கும் தேதி உண்டு.

தொண்ணூற்று நாலாம் ஆண்டு, செப்டம்பர் ஒன்பதாம் தேதி, வெள்ளிக்கிழமை. என் மனைவி அழகம்மாவின் அண்ணன் செல்லசாமி தன் மூத்த மகனுக்குக் கல்யாணம் செய்தான். கார்டு அடித்தான். அதில் 'அழைப்பவர்கள்' என்று ஒரு வரிசை. அவன் பெயர். அவன் பெண்டாட்டி பெயர். சம்பந்தி பெயர். சம்பந்திக்குச் சம்பந்தி பெயர். கடைசியில் 'அழகம்மா மற்றும் பலர்'.

என் பெயர் இல்லை. வீரய்யா என்கிற நான், அவனுடைய ஒரே தங்கச்சியின் புருஷன், அந்தப் பந்தலுக்கு இரண்டு வாழைமரத்தைத் தோளில் சுமந்துகொண்டு வந்தவன், 'பலர்'. பந்தியில் பாதி இலையோடு எழுந்து வந்தேன். அன்றைக்கு முடிந்தது பேச்சு.

எங்கள் லயத்தில் வரிசையாக எட்டுக் காம்பராக்கள், குடும்பத்துக்கு ஒரு அறை. நான் இரண்டாவது. அவன் ஆறாவது. நடுவில் மூன்று கதவு. பன்னிரண்டு வருஷம் எட்டு மாசம் நான் அந்த மூன்று கதவைத் தாண்டவில்லை. அழகம்மாவும் தாண்டக் கூடாது என்று சட்டம் போட்டேன். ஆனால் அந்தத் தேதியை மட்டும் நான் எல்லாருக்கும் சொல்லியிருக்கிறேன். சலூனில் சொன்னேன். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரனுக்குச் சொன்னேன். ஒருமுறை டிஸ்பென்சரியில் மருந்துக்காரர் உடம்புக்கு என்ன வருத்தம் என்று கேட்டார். அவரிடமும் சொன்னேன்.

இப்போது என் மகள் ஜெயந்தினிக்கு நோட்டன் பிரிட்ஜில் மாப்பிள்ளை முடிவாகியிருந்தது. பையன் பெயர் ஜீவராஜ். கார்டு அடிக்க வேண்டும். கடவுள் இருக்கிறார்.

"ஏங்க, கார்டுல தாய்மாமன் பேரு இல்லாம எப்பிடிங்க?" என்றாள் அழகம்மா.

"அப்பன் பேரு இருக்கு. போதும்."

"சம்பந்தக்காரங்க கேப்பாங்களே?"

"தாய்மாமன் செத்துட்டாருன்னு சொல்லு."

"நாலு கதவு தள்ளி இருமிக்கிட்டு இருக்காருங்க."

"அந்த இருமல் நோட்டன் பிரிட்ஜுக்குக் கேக்காது."

"மணவறைக்குப் புள்ளயக் கையப் புடிச்சு யாருங்க கூட்டிக்கிட்டு வாறது? கார்டுல பேரு போடாம எங்கண்ணன் வாசல்படி ஏறாது. எனக்குக் கூடப் பொறந்தது அது ஒண்ணுதான்."

"எனக்கும் பேருன்னு இருக்கறது ஒண்ணுதான். அதை அவன் போட்டானா?"

அவள் அடுப்பில் ரொட்டியைத் திருப்பிப் போட்டாள். நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். இருபத்தொன்பது வருஷம் குடும்பம் நடத்தியவன் அப்படி நினைத்திருக்கக் கூடாது.

கார்டை எழுதி யார் கையிலும் கொடுத்தனுப்ப எனக்குப் பயம். வழியில் ஒரு பெயர் ஏறிவிடும். ஆகவே நானே கம்ப்யூட்டரில் அடிப்பது என்று தீர்மானித்தேன். நான் மூன்றாம் வகுப்பு. தேயிலை பெக்டரியில் முப்பத்தொரு வருஷம் வாச்சர் வேலை. கதவைப் பூட்டி, பூட்டை மூன்று தரம் இழுத்துப் பார்ப்பதுதான் என் தொழில். கம்ப்யூட்டர் மட்டும் வீட்டில் இருந்தது. ஜெயந்தினி ஹட்டனில் டெலிபோன் பேசுகிற ஒரு கொமியுனிகேஷன் கடையில் தங்கி வேலை பார்க்கிறாள். ஞாயிற்றுக்கிழமைதான் வீட்டுக்கு வருவாள். கடைக்காரர் புதுசு வாங்கியதும் பழசை அவளுக்குக் கொடுத்தார். ஹட்டனிலிருந்து மஸ்கெலியா வரைக்கும் அதை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தேன். கண்டக்டர் அதற்கும் ஒரு டிக்கெட் கிழித்தான். அந்தத் தேதியும் வைத்திருக்கிறேன்.

வந்த இரண்டாம் மாசம் அது படுத்துவிட்டது. பள்ளிக்கூடத்துக் கணக்கு வாத்தியார் குகநேசன் மாஸ்டரைக் கூட்டி வந்தேன். யாழ்ப்பாணத்துக்காரர். நல்ல மனுஷர். அதுதான் அவரிடம் உள்ள கோளாறு.

"ஐயா, இதில போட்டிருந்தது களவா அடிச்ச சிடி. அதுதான் வைரஸ் புகுந்திட்டுது," என்றார். "இதை அழிச்சுப்போட்டு லினக்ஸ் போடுவம். சிடி வெளிநாட்டில இருந்து சும்மா அனுப்புவினம்."

"சும்மான்னா?"

"சும்மாதான். தபால் செலவும் அவைதான்."

"அப்ப அதுல ஏதோ இருக்கு மாஸ்டர்."

"ஒண்டுமில்லை ஐயா. நான் உங்கட பேரில எழுதிப் போடுறன்."

ஒரு மாசம் கழித்து பார்சல் வந்தது. எங்களுக்குத் தபால் தோட்டத்து ஆபீசுக்குத்தான் வரும். காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக் களத்தில் கிளாக்கர் அதைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்து, "வீரய்யாவுக்கு வெளிநாட்டுப் பார்சல்!" என்று கத்தினார். இருநூறு பேர் திரும்பிப் பார்த்தார்கள். நான் வெளிநாடு போகப் போகிறேன் என்று சாயங்காலத்துக்குள் கதை பரவிவிட்டது. போகட்டும் என்று நாலு பேர் சந்தோஷமும் பட்டார்கள். அவர்கள் பெயர் எனக்குத் தெரியும்.

மாஸ்டர் சிடியைப் போட்டார். திரை மண் நிறத்தில் தெளிந்து வந்தது.

"இப்ப இது இன்னும் உள்ளுக்குப் பதியேல்லை ஐயா. சிடியில இருந்தே ஓடுது. பிடிச்சிருந்தாப் பதியலாம், பிடிக்காட்டி சிடியை வெளியில எடுத்தால் சரி. முதல்ல ஓட்டிப் பாக்கிறது நல்லம்."

அழகம்மா பிளேன்டீ கொண்டு வந்து வைத்தாள். "நல்ல ஏற்பாடுங்க மாஸ்டர். எனக்கும் அப்பிடி ஒரு மாசம் ஓட்டிப் பாக்கச் சொல்லியிருந்தா, நானும் வெளிய எடுத்துக் குடுத்திருப்பேன்."

மாஸ்டர் டீயைக் கீழே சிந்தினார். நான் கேட்காததுபோல இருந்தேன்.

"இதுக்கு முதலாளி யாருங்க?" என்றேன்.

"ஒருத்தரும் இல்லை. உலகம் முழுக்கக் கனபேர் சேர்ந்து செய்யினம். மெனுவெல்லாம் தமிழிலயும் வந்திட்டுது, பாருங்கோ. அதுவும் ஆரோ எங்கட ஆக்கள்தான், வேலை முடிஞ்சு வந்திருந்து செய்தது. ஆறு மாசத்துக்கு ஒருக்காப் புதுசு விடுவினம்."

"கங்காணி இல்லாம எப்பிடி மாஸ்டர் வேலை நடக்கும்?"

"நடக்குதே! செய்முறையையும் ஒளிக்கேல்லை, ஐயா. ஆர் வேணுமெண்டாலும் திறந்து பாக்கலாம். பிழையைக் கண்டவர் திருத்தலாம். திருத்தினதை மற்ற எல்லாருக்கும் குடுக்கலாம். அதுதான் இதின்ர சட்டம்."

யார் வேண்டுமானாலும் திறக்கலாம் என்ற ஒரு பொருளை நான் முப்பத்தொரு வருஷத்தில் பார்த்ததில்லை. பெக்டரி கதவில் இப்படி எழுதி ஒட்டியிருந்தால் துரை என்னை அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பியிருப்பார்.

"பிழையக் கண்டவங்கன்னா, யாருனாலுமா மாஸ்டர்?" என்று அழகம்மா கேட்டாள்.

"ஆரெண்டாலும் அக்கா."

"படிச்சவங்களா இருக்கணுமா?"

"பிழை தெரிஞ்சாக் காணும், படிப்பு வேண்டாம்."

"ஓகோ," என்றாள்.

இந்த 'ஓகோ'வை நான் அப்போது கவனிக்கவில்லை. பூட்டைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். "எனக்குப் பூட்டு வேணும் மாஸ்டர். நான் எழுதறதை வேற ஆள் தொடக் கூடாது."

"பாஸ்வேர்ட் வையுங்கோ. பேர் வேண்டாம். பிறந்த நாள், கலியாண நாள் வேண்டாம். பக்கத்தில இருக்கிறவை ஊகிக்கிற ஒண்டும் வேண்டாம். உங்கட மனசுக்குள்ள மட்டும் இருக்கிற ஒண்டா வையுங்கோ."

பிறந்த நாள் எனக்கே தெரியாது. கல்யாண நாளை நினைக்க விருப்பமில்லை. மனசுக்குள் மட்டும் இருப்பது எது என்று பார்த்தேன். ஒன்றுதான் இருந்தது. மாஸ்டரை அந்தப் பக்கம் திரும்பச் சொன்னேன். அழகம்மாவை அடுப்படிக்குப் போகச் சொன்னேன். ஒற்றை விரலால் தட்டினேன். பூஜ்யம் ஒன்பது, பூஜ்யம் ஒன்பது, ஆயிரத்துத் தொளாயிரத்துத் தொண்ணூற்று நாலு. திரையில் எட்டுப் புள்ளி விழுந்தது. இதைவிட நல்ல பூட்டை நான் என் சர்வீசில் பூட்டியதில்லை.

அதற்குப் பிறகு அடிக்கிற வேலை. மாஸ்டர் தமிழ் எழுத்துகளைச் சின்னச் சின்னக் கடதாசித் துண்டில் எழுதிக் கீபோர்டில் ஒட்டித் தந்தார். என் கண்ணாடிக்கு ஒரு பக்கக் காது இல்லை. நூல் கட்டித்தான் மாட்ட வேண்டும். 'மணமகள்' என்று அடிக்க உட்கார்ந்தால் 'ம'வைக் கண்டுபிடிப்பதற்குள் டீ ஆறிவிடும். ஆகவே அழகம்மாவைப் பக்கத்தில் உட்கார வைத்தேன்.

"அந்த 'ண' எங்கடி?"

"இந்தா."

"'ள'?"

"இந்தா இருக்கு. உங்க மூக்குக்குக் கீழ."

கொழுந்து எடுக்கிற விரல். பார்க்கிறதும் பறிக்கிறதும் ஒன்றாக நடக்கும். ஒரு வாரத்தில் நான் சொல்லச் சொல்ல அவளே தட்டினாள். எனக்கு வசதியாகத்தான் இருந்தது. துரைமார் அப்படித்தான் கடிதம் சொல்லி எழுதுவிப்பார்கள். நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு காம்பராவில் நடந்து நடந்து சொன்னேன். 'திரு. வீரய்யா தம்பதியினரின் செல்வப் புதல்வி' என்ற இடம் வந்தது. அவள் விரல் நின்றுவிட்டது.

"அடியே, ஏன் நிறுத்திட்ட?"

"அதை நீங்களே அடிங்க. புருஷன் பேரை நான் சொன்னதும் இல்ல, எழுதினதும் இல்ல."

என் பெயரை நானே அடித்தேன். கால் மணி நேரம் ஆனது. தடித்த எழுத்தில் போட்டேன். தாய்மாமன் வருகிற இடத்தில் ஒரு வரி வெறுமையாகக் கிடந்தது. அதைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பசி ஆறியது.

ஞாயிற்றுக்கிழமை வந்த ஜெயந்தினி திரையைப் பார்த்தாள்.

"அப்பா, மாமா பேரு எங்கப்பா?"

"எந்த மாமா?"

"எனக்கு எத்தனை மாமா இருக்காங்க? சின்ன வயசுல என்னைத் தூக்கிக்கிட்டுத் திரிஞ்சது யாரு?"

"தூக்கிக்கிட்டுத் திரிஞ்ச கூலிக்குக் கார்டுல பேரா?"

அவள் அழுதுகொண்டு பின்பக்கம் போனாள். அழகம்மா அவளுக்குத் தலை வாரிவிட்டாள். இரண்டு பேரும் என்னவோ மெதுவாகப் பேசிக்கொண்டார்கள். பிறகு மகள் அழவில்லை. அதையும் நான் கவனிக்கவில்லை. பூட்டு இருக்கிற தைரியம்.

கடைசி வேலை பிடிஎப். மாஸ்டர் வந்து காட்டினார். "இதை இப்பிடியே பிரஸ்ஸுக்குக் குடுத்தால், அங்க வேற எழுத்து இருந்தா உங்கட தமிழ் எல்லாம் கட்டம் கட்டமாத் தெரியும் ஐயா. பிடிஎப் ஆக்கிக் குடுங்கோ. இஞ்ச இருக்கிற மாதிரியே அங்கயும் இருக்கும்."

"மாறாதா?"

"வழியில மாறாது."

எனக்கு மூன்று தரம் சொல்லிக் கொடுத்தார். மூன்று தரமும் அழகம்மா வெங்காயம் உரித்துக்கொண்டு பக்கத்தில் நின்றாள். பிறகு, "வேற இடத்தில ஒரு பிரதி வையுங்கோ" என்று பென் டிரைவ் ஒன்றும் தந்தார். பிடிஎப்பை அதில் ஏற்றி, டிரங்குப் பெட்டியில் வைத்துப் பூட்டி, பூட்டை மூன்று தரம் இழுத்துப் பார்த்து, சாவியை இடுப்புக் கயிற்றில் கட்டினேன். அந்தப் பெட்டி எங்கள் கல்யாணத்துக்குச் செல்லசாமி கொடுத்த சீர். அவன் பெட்டிக்குள்ளேயே அவனைப் பூட்டினேன் என்று சிரித்தேன். பெட்டியோடு இரண்டு சாவி கொடுத்திருந்தான் என்பது எனக்கு ஞாபகம் வரவில்லை. இன்னொன்று இருபத்தொன்பது வருஷமாக அழகம்மாவின் தாலிக்கயிற்றில் தொங்குகிறது.

இரண்டு நாள் கழித்துப் பென் டிரைவைச் சட்டைப் பைக்குள் போட்டு, பையை ஊசி குத்தி, அதன்மேல் கையை வைத்துக்கொண்டு ஹட்டனுக்குப் போனேன். நெஞ்சு வலியா என்று பஸ்ஸில் ஒருவர் எழுந்து இடம் கொடுத்தார்.

அச்சகத்துப் பையன் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தான். "ஐயா, ஒரு தாள் எடுத்துத் தர்றேன். வாசிச்சுப் பாத்துச் சொல்லுங்க. அப்பறம் அடிக்கிறேன்."

"தம்பி, அது பிடிஎப்."

"அதுலயும் பிழை இருக்கலாம் ஐயா."

"அதுல எப்பிடி வரும்? பூட்டியிருக்கு. ஒரு எழுத்து மாறாது. அடி."

கண்ணாடியை வீட்டில் விட்டு வந்ததை அவனிடம் ஏன் சொல்ல வேண்டும்?

கார்டு வந்தது. தடித்த மட்டை. மஞ்சள் கரை. முகப்பில் பிள்ளையார். தடவிப் பார்த்தேன். வழுவழு என்று இருந்தது.

"உள்ள விரிச்சுப் பாக்கலியாங்க?" என்றாள் அழகம்மா.

"எதுக்கு? நான் சொன்னது. நான் பூட்டுனது."

"சரிங்க. நான் கேட்டேன்னு ஞாபகம் வச்சுக்கங்க."

மே மாசம் இருபதாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை காலையில் கார்டு கொடுக்கக் கிளம்பினோம். முதல் கார்டு கோயிலுக்கு. அழகம்மா விடியும்போதே போய் வைத்துவிட்டு வந்திருந்தாள். முறைப்படி இரண்டாவது கார்டு தாய்மாமனுக்கு. அந்த முறையை நான் ரத்துச் செய்தேன். தட்டில் வெற்றிலை, பாக்கு, கார்டோடு நான் முன்னால். குங்குமச் சிமிழோடு அவள் பின்னால்.

மூன்றாம் காம்பரா ஆண்டியப்பன் கார்டை விரித்து வாசித்தார். என்னைப் பார்த்தார். மறுபடி வாசித்தார். கண் கலங்கிவிட்டது.

"அண்ணே, உங்களுக்குப் பெரிய மனசுண்ணே."

"மட்டையும் பெருசுதான். சாதாரண மட்டை இல்ல."

"நான் மட்டையச் சொல்லலண்ணே."

எழுத்தைச் சொல்கிறார் என்று நினைத்து, "கம்ப்யூட்டர்ல நானே செஞ்சது" என்றேன். அவர் என் காலைத் தொட வந்தார். தடுத்துவிட்டேன். முதல் தரம் ஒரு மனுஷன் என் படிப்புக்கு மரியாதை செய்கிறான் என்று நெஞ்சு நிமிர்ந்தது.

நாலாம் காம்பரா காளியாயிக்கு வாசிக்கத் தெரியாது. மருமகள் வாசித்துச் சொன்னாள். காளியாயி வாயில் இருந்த வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து, "இன்னைக்குத்தான் நீயும் ஒரு மனுசன்னு ஆன" என்றாள். கிழவிக்குக் கம்ப்யூட்டர் மேல் இவ்வளவு மரியாதையா என்று ஆச்சரியப்பட்டேன். ஐந்தாம் காம்பராவில் எனக்கு ஒரு சோடா உடைத்தார்கள். ஐந்தாம் காம்பரா தண்ணிகூடத் தராத வீடு.

அடுத்தது ஆறு. தட்டை உயரத் தூக்கிப் பிடித்தேன். நன்றாகத் தெரிகிற மாதிரி ஒரு இருமல் இருமினேன். கழுத்தைத் திருப்பிக்கொண்டு அந்த வாசலைத் தாண்டக் காலை வைத்தேன்.

கதவு திறந்தே இருந்தது. செல்லசாமி வெள்ளை வேட்டி கட்டி, திருநீறு பூசி, வாசலில் நின்றான். அவன் பெண்டாட்டி செம்பில் தண்ணீரோடு நின்றாள். அவன் கையில் என் கார்டு. மஞ்சள் கரை.

"மாப்புள," என்று தட்டோடு சேர்த்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான். "எம்பேரைப் போட்டுட்டீங்களே மாப்புள!"

"யாரு? நானா?"

"வேற யாரு போடுவாங்க?" கார்டை விரித்து லயம் முழுக்கக் கேட்கிற மாதிரி வாசித்தான். "'மணமகளின் தாய்மாமன் திரு. செல்லசாமி அவர்கள் முன்னிலையில்.' தடிச்ச எழுத்துல போட்டிருக்கீங்க. உங்க பேரு அளவுக்கே தடிப்பு!"

எட்டுக் காம்பராவும் வெளியே வந்து நின்றது. யாரோ கை தட்டினார்கள். நான் திரும்பிப் பார்த்தேன். அழகம்மா குங்குமச் சிமிழுக்குள் எதையோ தேடிக்கொண்டிருந்தாள்.

பெக்டரியில் தேயிலை திருடி அகப்பட்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். முகத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் நிற்பார்கள். அன்றைக்கு நானும் அப்படித்தான் நின்றேன். ஒரு வித்தியாசம், நான் திருடவில்லை. "ஆமா மச்சான்," என்றேன். வேறு என்ன சொல்வது? உள்ளே கூட்டிப்போய் உட்கார வைத்தான். டீ கொடுத்தார்கள். பன்னிரண்டு வருஷம் எட்டு மாசத்துக்குப் பிறகு அந்த வீட்டு டீ. சீனி அளவாக இருந்தது. அதற்காக நான் யாரையும் மன்னிக்கவில்லை.

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தினேன்.

"எப்பிடிடி திறந்த?"

"எதைங்க?"

"கம்ப்யூட்டரை! பாஸ்வேர்ட் எம்மனசுக்குள்ள இருந்தது!"

"உங்க மனசுக்குள்ளயா? காலையில டீ குடிக்கும்போது ஒருக்கா, ராவு படுக்கும்போது ஒருக்கா, தெனம் சொல்றீங்க. பக்கத்துக் காம்பராப் புள்ளைங்க அந்தத் தேதியச் சொல்லித்தான் நொண்டி வெளையாடுதுங்க. நான் வேற ஒண்ணும் போட்டுக்கூடப் பாக்கல. மொதத் தட்டுலயே தொறந்துச்சு."

"பிடிஎப்பு?"

"உங்களுக்கு மூணு தரம் சொல்லிக் குடுத்தாருல்ல. எனக்கு ஒரு தரம் போதும்."

"பெட்டி?"

அவள் தாலிக்கயிற்றை வெளியே எடுத்துச் சாவியைக் காட்டினாள். நான் கட்டிலில் உட்கார்ந்தேன்.

"நான் பூட்டுனதைத் தொட உனக்கு யாருடி அதிகாரம் குடுத்தது?"

"மாஸ்டர்தான். பிழையக் கண்டவங்க திருத்தலாம், திருத்துனதை எல்லாருக்கும் குடுக்கணும், அதுதான் இதுக்குச் சட்டம்னாரு. நான் பிழையக் கண்டேன். திருத்துனேன். அண்ணனுக்கு மட்டும் விடியும்போது கோயிலுக்குப் போற வழியில நான் குடுத்தேன், மத்த எல்லாருக்கும் நீங்களே குடுத்தீங்க."

"தொண்ணூத்தி நாலுல உங்கண்ணன் எம்பேரை விட்டானே, அது பிழை இல்லியா?"

அவள் தட்டில் மிச்சம் இருந்த வெற்றிலையை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினாள்.

"அது அண்ணன் விட்டதில்ல."

"பின்ன?"

"அந்தப் பேரு வரிசை எழுதிக் குடுத்தது நான். அண்ணனுக்கு வாசிக்கத்தான் தெரியும், எழுத வராது. எல்லார் பேரையும் எழுதிட்டுக் கடைசியா எம்பேரை எழுதுனேன். அப்பறம் உங்க பேரு. புருஷன் பேரை நான் எப்பிடி எழுதறது? 'அழகம்மா மற்றும் எங்க வீட்டு ஆளு'ன்னு எழுதுனேன். அச்சாபீஸ்காரரு பாத்திருக்காரு. எங்க வீட்டு ஆளுன்னு கார்டுல அடிக்க முடியுமா? மற்றும் பலர்னு அடிச்சிட்டாரு."

நான் கட்டிலிலிருந்து எழுந்தேன், மறுபடி உட்கார்ந்தேன்.

"பன்னெண்டு வருஷம் எட்டு மாசமா ஏன்டி சொல்லல?"

"அன்னைக்கே சொல்ல வந்தேன். நீங்க தேயிலைச் செடி வெட்டுற கவ்வாத்துக் கத்தியத் தேடிக்கிட்டு இருந்தீங்க. அண்ணன்தான், 'எம்மேலயே இருக்கட்டும் ஆயி, நான் தனியா இருமிக்குவேன், நீ அந்த மனுசனோட ஒரே வீட்ல இருக்கணும்'னுச்சு."

அவள் எழுந்து அடுப்படிக்குப் போனாள். நான் அங்கேயே இருந்தேன். வேறு எதுவும் சேர்க்காத மனுஷன் நான். இந்த ஒரு கோபத்தைத்தான் சேர்த்தேன். மழையில் நனையாமல், வெயிலில் காயாமல் வளர்த்தேன். அது விலாசம் மாறி வந்த கோபம். நாலு கதவு தள்ளி இருந்தவனுக்கு அனுப்பியதெல்லாம் என் வீட்டு அடுப்படிக்கு வர வேண்டியது. அவன் அத்தனையையும் வாங்கி வைத்துக்கொண்டு, ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லாமல் இருமிக்கொண்டு இருந்திருக்கிறான். இதற்காகவும் அவன்மேல் எனக்குக் கோபம் வந்தது. தேதி போட முடியவில்லை.

கல்யாணம் நடந்தது. செல்லசாமி ஜெயந்தினியின் கையைப் பிடித்து மணவறைக்குக் கூட்டி வந்தான். அவள் அவனைப் பார்த்துச் சிரித்தாள், பிறகு திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தாள். இரண்டும் ஒரே சிரிப்பு. எனக்குக் கொஞ்சம் கூடுதலாக இருந்திருக்கலாம். பந்தியில் அவன் என் இலைக்கு அவன் கையாலேயே வடை வைத்தான். இந்தமுறை முழு இலையும் சாப்பிட்டேன். பாதியில் எழுந்து வர எனக்குக் காரணம் இல்லை.

அது எனக்குத் தாங்கவில்லை. மறுநாள் வீடு அடங்கியதும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். பாஸ்வேர்டை மாற்றுவது எப்படி என்று மாஸ்டர் காட்டியிருந்தார். மச்சான்மேல் வைத்த கோபம் காலாவதி ஆகிவிட்டது. ஆனால் கணக்கு இன்னும் முடியவில்லை. ஆள்தான் மாறியிருக்கிறது. இந்தத் தேதியை நான் ஒருவரிடமும் வாய் திறந்து சொன்னதில்லை. கண்ணாடிக்கு நூல் கட்டினேன். கீபோர்டை உடம்பால் மறைத்துக்கொண்டு ஒற்றை விரலால் தட்டினேன். எட்டுப் புள்ளி விழுந்தது. மறுபடி தட்டச் சொன்னது, தட்டினேன். பூட்டிவிட்டு மூன்று தரம் திறந்து பார்த்தேன். கச்சிதம்.

அடுப்படியிலிருந்து, ரொட்டி தட்டுவதை நிறுத்தாமல், அழகம்மா குரல் கொடுத்தாள்.

"ஏங்க, கார்டு குடுத்த அன்னைக்கித் தேதி, மே மாசம் இருபதுதானே? மறந்துட்டீங்கன்னா என்கிட்டக் கேளுங்க."